சிண்டிகேட் தலைவர்களின் செல்வாக்கு

கேள்வி: காங்கிரஸில் 'சிண்டிகேட்' எனப்பட்ட மூத்த தலைவர்களுக்கு அவ்வளவு செல்வாக்கு எப்படி வந்தது? அது ஏன் சரிந்தது?
– வாசகர், மதுரை

பதில்: காமராஜர், நிஜலிங்கப்பா (கர்நாடகம்), எஸ்.கே. பாட்டீல் (பம்பாய்), அதுல்ய கோஷ் (மேற்கு வங்கம்), சஞ்சீவ ரெட்டி (ஆந்திரம்) ஆகியோரின் பலம், தத்தம் மாநிலங்களில் கட்சி அமைப்பையும் வேட்பாளர் தேர்வையும் பல்லாண்டுகள் தங்கள் பிடியில் வைத்திருந்ததிலிருந்து பிறந்தது. நேரு மறைந்தபின் 1964-இல் சாஸ்திரியைப் பிரதமராக்கியதில் அவர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. சாஸ்திரி மறைந்தபின் 1966-இல் பிரதமர் பதவிக்காகக் கட்சிக்குள் நடந்த, இந்திரா காந்தி 355 வாக்குகளும் மொரார்ஜி தேசாய் 169 வாக்குகளும் பெற்ற போட்டியில், மாநில முதல்வர்களின் ஆதரவை இந்திராவின் பக்கம் திரட்டியவர் காமராஜர். (கட்சிப் பணிக்காக 1963-இல் முதல்வர் பதவியையே துறந்த அவரை, மற்றவர்களோடு ஒரே தட்டில் வைத்துப் பேசுவது நியாயமன்று என்பதே என் கருத்து.)

ஆனால் கட்சிக்குள் இருந்த பிடி வாக்காளரிடம் இருக்கவில்லை. 1967 தேர்தலில் காமராஜர், பாட்டீல், அதுல்ய கோஷ் மூவருமே தோற்றனர். 1969-இல் 14 வங்கிகளை நாட்டுடைமையாக்கி மக்களிடம் நேரடியாகச் சென்ற இந்திரா, குடியரசுத் தலைவர் தேர்தலில் கட்சி நிறுத்திய சஞ்சீவ ரெட்டிக்கு எதிராகச் சுயேச்சையாக நின்ற வி.வி. கிரி வெல்லவும் வழிசெய்தார். நவம்பரில் கட்சி பிளந்தது. 1971 மக்களவைத் தேர்தலில் இந்திராவின் அணி 352 இடங்களை வென்றது. பழைய தலைவர்களின் அணிக்குக் கிடைத்தவை 16 மட்டுமே.