29 இடைமறிப்புகள் மட்டுமே பிடித்த டரெல் ரீவிஸை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

கேட்டிருக்கும் கேள்வி இது: "அமெரிக்கக் கால்பந்தில் டிக் லேன் 68 இடைமறிப்புகள் (எதிரணி எறியும் பந்தைப் பறிப்பது) பிடித்த கார்னர்பேக் (பந்து பிடிக்க ஓடும் எதிரணி வீரரைக் காவல் காப்பவர்). 11 பருவங்கள் ஆடிய டரெல் ரீவிஸ் பிடித்தது 29தான். அப்படியிருக்க, 2023-ல் தகுதி பெற்ற முதல் ஆண்டிலேயே அவரை எப்படி மிகச்சிறந்த வீரர்களுக்கான கௌரவ மன்றமான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள்? பணத்துக்காக அணி விட்டு அணி தாவியவர்தானே அவர்?"

நான் ரீவிஸ் ஆடிய நியூயார்க் ஜெட்ஸ் அணியின் ரசிகன். ரீவிஸின் நல்ல ஆண்டுகளை வாராவாரம் பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இடைமறிக்க வேண்டுமென்றால் முதலில் பந்து நம் பக்கம் வர வேண்டும். 2009-ல் பந்தை எறியும் எதிரணி வீரர்களான குவார்ட்டர்பேக்குகள் ரீவிஸ் பக்கம் எறிந்து பார்த்தார்கள். 31 பந்துகளைத் தட்டிவிட்டார், 6 பந்துகளைப் பிடித்தார். அடுத்த ஆண்டு எறிவதையே குறைத்துக்கொண்டார்கள். 2010-ல் அவர் கணக்கில் ஓர் இடைமறிப்புகூடக் கிடையாது. ஆனாலும் அந்த ஆண்டின் மிகச்சிறந்த வீரர்களின் பட்டியலான ஆல்-ப்ரோ முதல் அணியில் அவர் பெயர் இருந்தது. ஆட்டத்தை உன்னிப்பாகப் பார்த்தவர்களுக்கு அந்தப் பூஜ்யத்தின் அர்த்தம் தெரிந்திருந்தது.

கார்னர்பேக் வேலையின் கொடுமை என்னவென்றால், எங்கே ஓடப்போகிறோம் என்பது பந்து பிடிக்க ஓடும் ரிசீவருக்குத் தெரியும், கார்னர்பேக்குக்குத் தெரியாது. பின்னோக்கி ஓடிக்கொண்டே எதிராளியின் இடுப்பைக் கவனித்து, அவர் திரும்பும் கணத்தில் தானும் திரும்ப வேண்டும். கையால் தடுப்பதெல்லாம் முதல் 5 கெஜத்துக்குள்தான். அதைத் தாண்டித் தொட்டுத் தடுத்தால் தண்டனை. பந்து காற்றில் இருக்கும்போது ரிசீவரை இடித்துவிட்டால், தவறு நடந்த இடத்திலேயே எதிரணிக்குப் பந்தைக் கொடுத்துவிடுவார்கள். ஒரே தவறில் 40 கெஜம் போகலாம்.

அந்த 5 கெஜ விதி பழையதுதான். 2004-ல் அதைக் கறாராக அமல்படுத்தத் தொடங்கியதற்கு ஒரு காரணம், அந்த ஜனவரியில் பேட்ரியட்ஸ் கார்னர்பேக் டை லா, கோல்ட்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் பெய்டன் மேனிங்கிடமிருந்து ஒரே ஆட்டத்தில் 3 பந்துகளைப் பறித்தது. டை லாவின் ஊர் பென்சில்வேனியாவின் அலிக்விப்பா. எஃகு ஆலை மூடி நொடித்துப்போன சின்ன ஊர். ரீவிஸும் அதே ஊர்க்காரர்! ஊர் அண்ணனால் இறுகிய விதிக்குள் நின்றுதான் 2007 முதல் இவர் ஆட வேண்டியிருந்தது. எனக்கு இந்த ஒற்றுமை மிகவும் பிடிக்கும்.

ரீவிஸின் மதிப்பை அவருடைய கணக்கில் தேடாதீர்கள், எதிராளியின் கணக்கில் தேடுங்கள். 2009-ன் முதல் வாரம், ஹூஸ்டனின் ஆண்ட்ரே ஜான்சன்: 4 பந்து பிடித்து, 35 கெஜம் முன்னேறினார். இரண்டாம் வாரம், பேட்ரியட்ஸின் ராண்டி மாஸ்: 4 பந்து, 24 கெஜம். கடைசி வாரம், சின்சினாட்டியின் சாட் ஓச்சோசின்கோ: ஒரு பந்துகூட இல்லை. பல கார்னர்பேக்குகள் மைதானத்தின் ஒரே பக்கத்தில் நின்று, அங்கே யார் வருகிறாரோ அவரைப் பார்த்துக்கொள்வார்கள். பயிற்சியாளர் ரெக்ஸ் ரயன் ரீவிஸை அப்படி நிறுத்தவில்லை. எதிரணியின் முதன்மை ரிசீவர் போகுமிடமெல்லாம் துணையே இல்லாமல் இவர் போனார். 'ரீவிஸ் தீவு' என்ற பெயர் அதிலிருந்து வந்தது. ஒருவர் தனியாகப் பார்த்துக்கொள்வதால் மிச்சமாகும் ஆளை ரயன் குவார்ட்டர்பேக் மீது ஏவிவிடுவார். அந்த ஆண்டின் சிறந்த தற்காப்பு வீரர் விருது 9 இடைமறிப்புகள் பிடித்த சார்ல்ஸ் வுட்சனுக்குப் போனது. வுட்சன் மகத்தான வீரர்தான். ஆனாலும் அந்த விருது ரீவிஸுக்கு உரியது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இந்த வேலைக்கு எல்லையும் உண்டு. 2010 ஜனவரியில், இறுதிப்போட்டியான சூப்பர் போலுக்கு ஒரு படி முன்னால், கோல்ட்ஸ் எங்களை 30-17 என்று வென்றது. ரீவிஸ் காவலில் அவர்களுடைய ரிசீவர் ரெஜி வெய்ன் 3 பந்துதான் பிடித்தார். மேனிங் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு பியேர் கார்சோனுக்கு எறிந்தார்: 11 பந்து, 151 கெஜம். ஒரு கதவை இவர் அடைத்தார், மற்றக் கதவுகளை எங்களால் அடைக்க முடியவில்லை. இன்றும் வலிக்கும் தோல்வி அது.

இனி பணம். இவர்கள் ஆடும் என்.எஃப்.எல். லீக்கில் ஒப்பந்தத் தொகை முழுவதும் கைக்கு வராது. உத்தரவாதம் இல்லாத பகுதியை அணி எந்த ஆண்டும் வெட்டிவிடலாம். ரீவிஸின் தாய்மாமா ஷான் கில்பர்ட்டும் இந்த லீக்கில் ஆடியவர். ஒப்பந்தம் பிடிக்காமல் 1997 பருவம் முழுவதும் களமிறங்காமல் இருந்தவர். அந்தப் பாடம் வீட்டிலேயே கிடைத்தது. 2010-ல் 36 நாள் பயிற்சிக்கு வராமல் இருந்து, 4 ஆண்டுக்கு 4.6 கோடி டாலர் வாங்கினார் ரீவிஸ். 2012-ல் மயாமியில், பெரிய மோதல் எதுவும் இல்லாமலே முழங்கால் தசைநார் கிழிந்தது. அடுத்த ஏப்ரலில் ஜெட்ஸ் அவரை டாம்பா பே அணிக்குக் கொடுத்துவிட்டது. அங்கே 6 ஆண்டு, 9.6 கோடி ஒப்பந்தம், அதில் உத்தரவாதம் ஒரு காசுகூட இல்லை. ஒரே ஆண்டில் விடுவித்துவிட்டார்கள். அணி தாவினார் என்கிறீர்களே, முதல் இரண்டு தாவல்களையும் செய்தது அணி நிர்வாகங்கள்தான். பிறகு எங்கள் பரம எதிரி பேட்ரியட்ஸில் ஓராண்டு, அங்கே சூப்பர் போல் வெற்றி. அவரை அந்தச் சட்டையில் பார்த்தது எங்களுக்குக் கசந்தது உண்மைதான். அதற்காக அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு முழங்காலை நம்பிப் பிழைப்பவர், கால் நன்றாக இருக்கும்போதே விலை கேட்கத்தான் வேண்டும்.

2015-ல் ஜெட்ஸுக்குத் திரும்பினார். 2016-ன் முதல் ஆட்டத்தில் சின்சினாட்டியின் ரிசீவர் ஏ.ஜே. கிரீன் அவரைத் தாண்டி 54 கெஜ டச் டவுன் ஓடியபோது வயது 31. வேகம் போய்விட்டது. கன்சாஸ் சிட்டி அணியில் சில ஆட்டங்கள் ஆடி, 2018-ல் ஓய்வு.

பழைய ஆட்டம் ஒன்றைப் பார்க்கலாம் என்றால் 2009 செப்டம்பர் 20, ஜெட்ஸ் 16, பேட்ரியட்ஸ் 9. தொலைக்காட்சிப் பதிவில் கேமரா பந்தையே துரத்தும், ரீவிஸ் பாதி நேரம் திரையிலேயே இருக்க மாட்டார். 22 பேரும் தெரியும் உயரக் கோணப் பதிவு கிடைத்தால் அதில் 24-ஆம் எண்ணை மட்டும் பாருங்கள்.