முழங்கால் கட்டும் ஜெயிக்கும் மனசும்

கேள்வி: தென்னாப்பிரிக்க கிரிக்கெட் அணியிடம் திறமை கொட்டிக் கிடந்தும் கடைசி நேரத்தில் கோட்டை விடுகிறார்கள். ஆஸ்திரேலியர்களுக்கோ ஜெயிக்கிற மனசு ரத்தத்திலேயே இருக்கிறது. பள்ளி வாலிபால் டீமில் ஆடும் என் மகனிடமும் 'ஜெயிக்கணும்கிற வெறி இருந்தா போதும்' என்றுதான் சொல்லி வருகிறேன். சரிதானே?
- ஒரு தந்தை, கரூர்

பதில்: ஆஸ்திரேலியர்களின் ரத்தத்தை எந்த லேபில் கொடுத்துப் பார்த்தீர்கள்?

தென்னாப்பிரிக்காவைப் பற்றி இப்படிப் பேசுகிறவர்கள் சுற்றிச் சுற்றி 1999 உலகக் கோப்பையின் எட்ஜ்பாஸ்டன் அரையிறுதியில்தான் வந்து நிற்பார்கள். நாமும் அங்கேயே போவோம். ஆஸ்திரேலியா 213. கடைசி ஓவரில் தென்னாப்பிரிக்காவுக்கு 9 ரன் வேண்டும், கையில் ஒரே விக்கெட். முதல் இரண்டு பந்தையும் குளூஸ்னர் பவுண்டரிக்கு விரட்டினார். ஸ்கோர் சமம். நான்கு பந்தில் ஒரு ரன் எடுத்தால் ஃபைனல். நான்காவது பந்தில் குளூஸ்னர் ஓடினார். எதிர்முனையில் டொனால்ட் பந்தையே பார்த்துக்கொண்டு நின்றார், மட்டையையும் நழுவவிட்டார். ரன் அவுட். ஆட்டம் டை. அதற்கு முந்தைய சூப்பர் சிக்ஸ் சுற்றில் மேலே இருந்ததால் ஆஸ்திரேலியா ஃபைனலுக்குப் போனது. தென்னாப்பிரிக்கர்களுக்குச் 'சோக்கர்ஸ்', அதாவது நெருக்கடியில் தடுமாறித் தோற்பவர்கள், என்ற பட்டம் நெற்றியில் பச்சை குத்தியதுபோல் ஒட்டிக்கொண்டது.

இதே கதையில் நீங்கள் மறந்துபோன இரண்டு இடங்கள் உண்டு. அதற்கு முந்தைய ஓவரில் குளூஸ்னர் தூக்கி அடித்த பந்து எல்லைக்கோட்டில் நின்ற பால் ரைஃபலின் கைக்கே போனது. பிற்பாடு அம்பயர் ஆனாரே, அவரேதான். பிடித்திருந்தால் மேட்ச் அங்கேயே முடிந்திருக்கும். கையில் பட்டுத் தாண்டி சிக்ஸர் ஆனது. கடைசி ஓவரின் மூன்றாவது பந்திலோ, டொனால்ட் பாதித் தூரம் வந்துவிட்டுத் திரும்பி ஓட, கிட்டத்திலிருந்து லேமன் எறிந்த பந்து ஸ்டம்பில் படவில்லை. பட்டிருந்தாலும் கதை முடிந்தது. பதற்றத்தில் ஆஸ்திரேலியர்களும் இரண்டு முறை கோட்டை விட்டார்கள். ஸ்கோர்போர்டு அவர்கள் பக்கம் சாய்ந்ததால் அந்தத் தப்புகளுக்குப் பெயர் வைக்க ஆளில்லை.

2003 டர்பன் இன்னும் வேடிக்கை. இலங்கையோடு மழை குறுக்கிட்ட ஆட்டம். 229 எடுத்தால் ஜெயம் என்று பவுச்சருக்குச் சேதி. முரளியை சிக்ஸர் அடித்து அதை எட்டியவர், அடுத்த பந்தை நிதானமாகத் தட்டிவிட்டு நின்றார். ஆனால் 229 என்பது டைக்கான கணக்கு. மழை வலுத்து ஆட்டம் அதோடு நின்றது, சொந்த மண்ணில் நடந்த உலகக் கோப்பையில் முதல் சுற்றோடு வெளியேறினார்கள். இதில் மனசு எங்கே வந்தது? மழை ஆட்டத்துக்கான இலக்கு அட்டவணையைத் தப்பாகப் படித்தார்கள், அவ்வளவுதான்.

நம்மவர்களுக்கு வருவோம். 2023 உலகக் கோப்பையில் தொடர்ந்து பத்து மேட்ச் ஜெயித்தார்கள். நவம்பர் 19 அன்று அகமதாபாத்தில் ஆஸ்திரேலியாவிடம் தோற்ற ஃபைனலில் மட்டும் அந்த மனசு எங்கே போயிருந்தது? டிரெசிங் ரூமில் மறந்து வைத்துவிட்டார்களா? ஏழே மாதத்தில், பார்படாஸில் நடந்த டி20 உலகக் கோப்பை ஃபைனலில், தென்னாப்பிரிக்காவுக்கு 30 பந்தில் 30 ரன்தான் தேவை, ஆறு விக்கெட் மிச்சம், கிளாசன் வெளுத்துக்கொண்டிருக்கிறார். அந்த நேரம் பார்த்து நம் விக்கெட் கீப்பர் ரிஷப் பந்த் முழங்காலுக்குக் கட்டுப் போட உட்கார்ந்தார். கிளாசனின் வேகத்தைக் குறைக்கத்தான் அந்தத் தாமதம் என்று ரோகித் சர்மாவே பிற்பாடு சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு 17ஆவது ஓவரின் முதல் பந்திலேயே ஹர்திக் கிளாசனைக் காலி செய்தார். பும்ராவுக்கென்று ஒரு ஓவரை மிச்சம் வைத்திருந்தார்கள். அதில் இரண்டே ரன், ஒரு விக்கெட். அடுத்து அர்ஷ்தீப் கொடுத்தது நான்கு. கடைசியில் ஏழு ரன்னில் ஜெயம். இதற்கு 'வெறி' என்று பெயர் வைத்தால் பும்ராவின் யார்க்கருக்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

மனசே ஒன்றுமில்லை என்று நான் சொல்லவில்லை. 2025 ஜூன், லார்ட்ஸ், உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் ஃபைனல். இலக்கு 282, எதிரே, ஜெயிக்கிற மனசு ரத்தத்திலேயே ஊறியதாக நீங்கள் சொல்லும் ஆஸ்திரேலியா. தொடைத் தசை பிடித்துக்கொண்டு நொண்டிய கேப்டன் பவுமா வெளியே போக மறுத்து 66 அடித்தார். அது மனசுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எதிர்முனையில் மார்க்ரம் 136 அடித்திருக்காவிட்டால், இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து ரபாடா ஒன்பது விக்கெட் எடுத்திருக்காவிட்டால், பவுமா நொண்டியது தோல்விச் செய்தியில் ஒரு வரி. அவர் இரண்டு ரன்னில் இருந்தபோது கொடுத்த கேட்சை ஸ்மித் விட்டதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிடிக்கப் போய் ஸ்மித்தின் சுண்டுவிரல் பிசகியதுதான் மிச்சம். 1998க்குப் பிறகு 27 வருடம் கழித்து அவர்களுக்கு ஒரு ஐசிசி கோப்பை. பரம்பரை ரத்தம் ஒரே வாரத்தில் மாறிவிட்டதா என்ன?

உங்கள் மகனிடம் வெறியைப் பற்றிப் பேசுவதைக் கொஞ்ச நாள் நிறுத்திவையுங்கள். தோற்றுவிட்டு வருகிற நாளில், 'எனக்கு வெறி போதவில்லை' என்று நினைக்கத்தான் அது கற்றுக்கொடுக்கும். சர்வீஸ் ஏன் வலையில் விழுந்தது என்று யோசிக்க விடாது. அதற்குப் பதில் ஒன்று விசாரியுங்கள். பந்து இரண்டு பேருக்கு நடுவே இறங்கும்போது யார் குரல் கொடுப்பது, யார் ஒதுங்குவது என்று அந்தப் பையன்கள் பேசி வைத்திருக்கிறார்களா? டொனால்டும் குளூஸ்னரும் மாட்டியது அந்த இடத்தில்தான். கேட்டுவிட்டு அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.