எந்த ஒலிப்பதிவைக் கேட்பது? பியானோ டீச்சரிடம் திருகோணமலையில் கேட்ட கேள்விகள்

மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் உவர்மலையில் என் வீட்டு விறாந்தையில் பத்துப் பதினைந்து பேர் கூடி மேற்கத்தேய இசை கேட்கிறோம். போன முறை ஒரே துண்டை நான்கு பேர் வாசித்த பதிவுகளை அடுத்தடுத்துப் போட்டேன். நான்காவது முடிய முன்னமே மின்சாரம் போய்விட்டது. இருட்டில் கதைத்தது போதாமல் எல்லோரும் கேள்விகளைத் தாளில் எழுதித் தந்துவிட்டுப் போனார்கள். சிலது வட்ஸ்அப்பில் வந்தது. பதில்களை ஆறுதலாக எழுதியிருக்கிறேன்.

கேள்வி (உவர்மலை, உயர்தர மாணவி): டீச்சர், சுரம் எல்லாம் தாளில் எழுதித்தானே இருக்கு? கற்பனாஸ்வரம் பாடுவது மாதிரி இதில் இடமில்லை. பிறகு ஏன் ஒரே துண்டுக்குப் பத்துப் பேருடைய பதிவு?

பதில்: மகள், தாளில் இருப்பது எந்தச் சுரம், எவ்வளவு நீளம், ஏறத்தாழ எவ்வளவு பலம் என்பது மட்டும்தான். இரண்டு சுரங்களுக்கு நடுவில் எப்படி மூச்சு விடுவது என்று எந்தத் தாளிலும் எழுத முடியாது. கோணேசர் கோயிலில் ஒரே தேவாரத்தை இரண்டு பேர் பாடக் கேட்டிருப்பீர்கள். சொல்லும் ஒன்று, பண்ணும் ஒன்று. ஆனால் ஒருவர் பாடும்போது நீங்கள் கண்ணை மூடுகிறீர்கள், மற்றவர் பாடும்போது கோபுரத்தைப் பார்க்கிறீர்கள்.

இதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் கனடாப் பியானோக் கலைஞர் கிளென் கூல்ட். பாஹ் 1741இல் வெளியிட்ட கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸை (ஆரியா என்ற ஒரு தொடக்கத் துண்டும், அதை வேறு வேறு விதமாக மாற்றி எழுதிய வேரியேஷன்களும்) கூல்ட் 1955இல் நியூயோர்க்கில் பதிந்தபோது வயது 22. ஏறத்தாழ 38 நிமிடம். அதே ஆள், அதே ஸ்டூடியோவில் 1981இல் மறுபடியும் பதிந்தார். இந்த முறை 51 நிமிடம். முதல் பதிவில், திரும்ப ஒருதரம் வாசி என்று தாளில் குறித்திருக்கும் இடங்களை அநேகமாகத் திரும்ப வாசிக்காமல் விட்டுவிட்டார், இரண்டாவதில் சிலவற்றை வாசித்தார் என்பது ஒரு காரணம். ஆனால் முழுக் காரணம் அது இல்லை. தொடக்க ஆரியாவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 1955இல் இரண்டு நிமிடத்துக்குள் முடிகிறது, 1981இல் மூன்று நிமிடம் ஓடுகிறது. முதல் பதிவில் ஒவ்வொரு வேரியேஷனும் தனித்தனியாகத் துள்ளிக்கொண்டு வரும். இரண்டாவதில் ஒன்றின் நாடித்துடிப்பே அடுத்ததற்கும் போகும்படி கணக்குப் பார்த்திருக்கிறார். அந்த இசைத்தட்டு 1982இல் வெளிவந்த சில நாட்களில், 50 வயது நிறைந்து ஒன்பதாம் நாள், அவர் இறந்துவிட்டார்.

எனக்கு எது பிடிக்கும் என்று கேட்டால், காலையில் 1955, இரவில் 1981. நீங்கள் முதலில் 1955ஐ ஒரு மாதம் கேளுங்கள். அது மனப்பாடமாகும்வரை மற்றதைத் தொடவேண்டாம். ஒரு பதிவு நன்றாகப் பழகிய பிறகுதான், அது எதைச் சொல்லாமல் விட்டது என்று அடுத்த பதிவு காட்டும்.

கேள்வி (உப்புவெளி, ஒரு தாய்): என் மகள் மூன்லைட் சொனாட்டாவின் முதல் பகுதி பழகுகிறாள். யூடியூபில் ஒவ்வொருத்தர் ஒவ்வொரு வேகம். எதைக் கேட்கச் சொல்ல?

பதில்: தங்கச்சி, முதலில் நிலாவை மறக்கச் சொல்லுங்கள். அந்தப் பெயர் பீத்தோவன் வைத்ததில்லை. அவர் 1827இல் இறந்த பிறகு, ரெல்ஸ்டாப் என்ற ஜேர்மன் விமர்சகர் லூசேர்ன் ஏரியின் நிலவொளியோடு ஒப்பிட்டதில் வந்த பெயர். உப்புவெளிக் கடலில் பறுவத்து நிலா எழும்புவதை நினைத்துக்கொண்டு வாசித்தால் வேகம் குறைந்துகொண்டே போகும், பிள்ளையின் குற்றமில்லை.

தாளின் தொடக்கத்தைக் காட்டி, தாளக்குறி என்ன என்று கேளுங்கள். மெதுவாக வாசி என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனால் பாருக்கு (தாளில் கோடு போட்டுப் பிரித்த ஒவ்வொரு தாளக் கட்டத்துக்கு) நான்கு அடியாக எண்ணாமல் இரண்டு அடியாக எண்ணவேண்டும். இரண்டாக எண்ணினால் மேலே வரும் மெட்டு பாட்டாகிவிடும், நான்காக எண்ணினால் ஒவ்வொரு சுரமும் தனியே நின்றுவிடும். அடுத்தது, கம்பியின் ஒலியை அடக்கும் கட்டைகள் இல்லாமல் முழுப் பகுதியையும் மிக மென்மையாக வாசிக்கவேண்டும் என்று பீத்தோவன் எழுதியிருக்கிறார். 1801இல் இருந்த பியானோவில் ஒலி கெதியாக அடங்கிவிடும், அதனால் அது சரி வந்தது. இன்றைய பியானோவில் அந்தக் கட்டைகளைத் தூக்கிவிடும் பெடலை அப்படியே அழுத்திப் பிடித்தால் எல்லாம் கலங்கிவிடும்.

இந்தச் சிக்கலை இரண்டு பியானோக் கலைஞர்கள் எப்படித் தீர்த்தார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். வில்ஹெல்ம் கெம்ப் 1960களில் பதிந்தது: அலங்காரம் இல்லை, மேல் மெட்டு ஒருவர் தனக்குள் பாடுவது போல வரும். அடுத்தது ஆண்ட்ராஷ் ஷிஃப்: பெடலை இலேசாக அழுத்தியே வைத்து, பலரையும்விட வேகமாகப் போவார். முதல் தரம் கேட்டபோது எனக்குப் பிடிக்கவில்லை. மூன்றாம் நாள் தாளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன், அவர் செய்வதெல்லாம் தாளில் இருக்கிறது. மகள் கெம்பைக் கேட்டுப் பழகட்டும், ஷிஃப்பைக் கேட்டு எண்ணட்டும். சோதனைக்கு முந்திய கிழமை இரண்டையும் நிற்பாட்டிவிடுங்கள், தன் வாசிப்பைத் தானே கேட்கவேண்டும்.

கேள்வி (செல்வநாயகபுரம்): நீங்கள் போட்ட பழைய பதிவுகளில் ஒரே இரைச்சல். புதிதாகத் தெளிவாக இருக்கும்போது ஏன் அவை?

பதில்: கடலோரத்தில் வீடு உள்ளவர்களுக்கு அலைச் சத்தம் கேட்கிறதா, தம்பி? முதல் ஐந்து நிமிடம் பொறுங்கள், காது அதைத் தள்ளி வைத்துவிடும்.

ரஷ்ய இசையமைப்பாளர் ரக்மனினோவ் தன் இரண்டாவது பியானோ கொன்சேர்ட்டோவை (பியானோவுக்கும் ஓர்கெஸ்ட்ரா என்ற பெரிய வாத்தியக் குழுவுக்கும் எழுதிய துண்டு) தானே வாசித்து 1929இல் பதிந்திருக்கிறார். லியோபோல்ட் ஸ்டொகோவ்ஸ்கி நடத்த, பிலடெல்பியா ஓர்கெஸ்ட்ரா வாசித்தது. அந்தக் காலத்து இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு நாலைந்து நிமிடம்தான் பிடிக்கும், துண்டு துண்டாக நிறுத்தி நிறுத்திப் பதியவேண்டும். அப்படியிருந்தும் இசை எங்கேயும் தேங்கவில்லை. பலரும் இந்தக் கொன்சேர்ட்டோவை அழுகையாக்கி வாசிப்பார்கள். எழுதியவரோ நிமிர்ந்து உட்கார்ந்து, உருகாமல், முன்னே போய்க்கொண்டே இருக்கிறார். அதோடு பியானோக் கலைஞர் ஸ்வியடோஸ்லாவ் ரிக்டர் 1959இல் வார்சோ பில்ஹார்மோனிக்கோடு பதிந்ததை வையுங்கள். தொடக்கத்தில் பியானோ தனியே அடிக்கும் அந்த மணியோசைகளை அவ்வளவு மெதுவாக, அவ்வளவு தூரத்திலிருந்து கொண்டுவருவார். எழுதியவர் வாசித்ததுதான் சரி என்றால் ரிக்டர் பிழை. நான் அப்படி நினைக்கவில்லை. ஆனால் எழுதியவர் அழவில்லை என்று தெரிந்த பிறகு, அழுகிற பதிவுகளை என்னால் முழுதாகக் கேட்க முடிவதில்லை.

கேள்வி (சீனக்குடா, துறைமுகத்தில் வேலை): அக்கா, பீத்தோவன் ஐந்தாம் சிம்பொனிக்கு ஒன்றே ஒன்று சொல்லுங்கள். கார்லோஸ் கிளைபர் நடத்திய பதிவுதான் முடிந்த முடிவு என்கிறார்களே?

பதில்: ஒன்று மட்டும் வாங்கக் காசு இருந்தால் கிளைபர், வியன்னா பில்ஹார்மோனிக், 1974. அதில் சந்தேகம் இல்லை. ஓர்கெஸ்ட்ரா முழுவதும் ஒரே உடம்பாக எழும்பி ஓடும் பதிவு அது. ஆனால் முடிந்த முடிவு என்ற சொல்லை நான் ஏற்கமாட்டேன், தம்பி. மூன்று இடங்களைக் குறித்துத் தருகிறேன். எந்தப் பதிவு கிடைத்தாலும் அந்த மூன்றையும் கேட்டுப் பாருங்கள்.

முதலாவது, தொடக்கம். எல்லோருக்கும் தெரிந்த அந்த நான்கு அடியும் சத்தத்தில் தொடங்குவதில்லை, ஒரு சின்ன மௌனத்தில் தொடங்குகிறது. தாளில் முதலில் இருப்பது ஓய்வுக்குறி. அத்தனை பேரும் அந்த மௌனத்துக்குப் பிறகு ஒரே நேரத்தில் பாயவேண்டும். நீட்டிப் பிடிக்கும் சுரம் இரண்டு தரம் வரும், இரண்டாவதைப் பீத்தோவன் ஒரு பார் கூடுதலாக எழுதியிருக்கிறார். அந்த வித்தியாசம் உங்கள் பதிவில் கேட்கிறதா?

இரண்டாவது, முதல் பகுதியின் நடுவைத் தாண்டி, தொடக்க மெட்டு திரும்பி வந்த பிறகு, எல்லாம் நின்று ஓபோ என்ற ஊதுகருவி மட்டும் தனியாகப் பாடும். சில விநாடிதான். அத்தனை சத்தத்துக்கு நடுவில் ஒரே ஒரு மனிதக் குரல் போல இருக்கும். சில நடத்துநர்கள் அதைக் கணக்காக முடித்துவிடுவார்கள். சிலர் வாசிப்பவரைத் தன் பாட்டுக்கு விடுவார்கள்.

மூன்றாவது, மூன்றாம் பகுதியிலிருந்து நான்காம் பகுதிக்குப் போகும் பாலம். தந்திக் கருவிகள் மெல்லப் பிடித்திருக்க, டிம்பனி என்ற பெரிய முரசு மட்டும் தட்டிக்கொண்டே இருக்கும், பிறகு வெளிச்சம் உடைத்துக்கொண்டு வரும். ட்ரொம்போன், பிக்கொலோ, கொன்ட்ராபசூன் என்ற மூன்று ஊதுகருவிகளும் இந்தச் சிம்பொனியில் அங்கேதான் முதன்முதலாக வாய் திறக்கின்றன. 1808 டிசம்பர் 22ஆம் திகதி வியன்னாவில் குளிர்ந்த அரங்கில் நான்கு மணி நேரக் கச்சேரியின் நடுவே இதை முதன்முதல் கேட்டவர்களை நினைத்துப் பார்க்கிறேன்.

இந்தப் பாலத்துக்காகவே ஜேர்மன் நடத்துநர் ஃபுர்ட்வாங்லர் 1947 மே மாதம் பெர்லினில் நடத்திய கச்சேரியைக் கேட்கச் சொல்வேன். போர் முடிந்த பின் மேடை ஏற அவருக்குத் தடை இருந்தது. நாஜி காலத்தில் அங்கேயே இருந்தவர் என்பதால் விசாரணை நடந்து, பிறகு திரும்பி வந்த கச்சேரி. பதிவு மோனோ, இருமலும் கேட்கும். ஆனால் அந்த இருட்டு வேறு எங்கேயும் அவ்வளவு நீளமாக இல்லை, வெளிச்சம் வரும்போது நம்பவே பயமாக இருக்கும். இடிந்த ஊரில் இருந்து கேட்டவர்களுக்கு அது விளங்கும், எங்களுக்கும் விளங்கும். அதற்கு நேரெதிர், ஜோன் எலியட் கார்டினர் 1990களில் பழைய காலத்துக் கருவிகளோடு, பீத்தோவன் மெட்ரோனோம் என்ற தாளம் காட்டும் கருவியின் கணக்கில் எழுதிய வேகத்தை ஒட்டிப் பதிந்தது. நரம்புத் தந்தி, கடினமான டிம்பனிக் குச்சி, தசையெல்லாம் கழன்று எலும்பு தெரியும்.

கேள்வி (கிண்ணியா, மாணவி): எங்கட பக்கத்து ஆட்கள் யாருமே இந்தப் பட்டியலில் இல்லையா, டீச்சர்?

பதில்: இருக்கிறார்கள். டாங் தாய் சொன்னை எடுத்துக்கொள்ளுங்கள். பியானோக் கலைஞர், வியட்நாம்காரர். 1980இல் வார்சோவில் ஷொபான் போட்டியில் முதல் பரிசு பெற்றார், அதைப் பெற்ற முதல் ஆசியர். ஹனோய் மீது குண்டு விழுந்த காலத்தில் இசைக்கல்லூரியோடு கிராமத்துக்கு இடம்பெயர்ந்த குடும்பம், தாயும் பியானோ ஆசிரியை. அவர் வாசிக்கும் ஷொபானின் நொக்டேர்ன்களை (இரவின் மனநிலையில் எழுதிய சின்னப் பியானோத் துண்டுகள்) பியானோக் கலைஞர் ரூபின்ஸ்டைனின் 1965ஆம் ஆண்டுப் பதிவுக்குப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். ரூபின்ஸ்டைன் ஒரு நல்ல மனிதர் உங்களோடு இருந்து கதைப்பது போல. டாங் தாய் சொன் யாரும் இல்லாத அறையில் வாசிப்பது போல.

பம்பாயில் பிறந்த நடத்துநர் சுபின் மேத்தா 1975இல் வியன்னாவில் நடத்திய மாலரின் இரண்டாம் சிம்பொனியையும் தேடிக் கேளுங்கள். எங்கள் நாட்டுக் குடும்பத்திலிருந்து வந்த ரொஹான் டி சேரம் 2005 வரை பல வருடம் அர்டிட்டி என்ற நால்வர் தந்திக் குழுவில் செலோ வாசித்தவர். அந்தக் குழு வாசிப்பது பெரும்பாலும் இந்தக் காலத்து இசை, முதலில் காதுக்குக் கரடாக இருக்கும்.

கேள்வி (திருஞானசம்பந்தர் வீதி, ஓய்வுபெற்ற ஆசிரியர்): பழைய இசைத்தட்டுகள் நாற்பது இருக்கு. பூஞ்சணம் பிடிக்குது.

பதில்: ஐயா, வாடைக்காற்று தொடங்கினால் எங்கள் ஊரில் எல்லாம் ஈரம்தான். காய்ச்சி வடித்த நீரில் இரண்டு துளி மென்மையான சவர்க்காரத் திரவம் விட்டு, மெல்லிய துணியால் வரிகளின் போக்கிலேயே துடையுங்கள். நிமிர்த்தி வையுங்கள், கடல் பக்கச் சுவரோடு சாத்தவேண்டாம். பழைய தாள் உறைகளை எறிந்துவிடுங்கள், பூஞ்சணம் அதில்தான் குடியிருக்கும்.

கேள்வி (பாலையூற்று): யூடியூபில் போட்டிருக்கும் பெயர்களை நம்பலாமா?

பதில்: எப்போதும் நம்பவேண்டாம். இசைத்தட்டு உறையில் அச்சடித்திருந்தாலும்கூட. ஜொய்ஸ் ஹாட்டோ என்ற ஆங்கிலேயப் பியானோக் கலைஞரின் பெயரில் அவருடைய கணவர் ஏராளமான இறுவட்டுகளை வெளியிட்டார். விமர்சகர்கள் கொண்டாடினார்கள். 2007இல் ஒருவர் அதில் ஒன்றைக் கணினியில் போட்டபோது, அது லாஸ்லோ சிமோன் என்ற வேறு ஒருவரின் பதிவு என்று மென்பொருள் காட்டியது. பிறகு தோண்டிப் பார்த்தால் ஒன்றன்பின் ஒன்றாக மற்றவர்களின் பதிவுகள், சிலவற்றில் வேகத்தைச் சற்று மாற்றியிருந்தார்கள். சந்தேகம் வந்தால் அதே துண்டின் இரண்டு பதிவுகளை ஒரே இடத்தில் நிறுத்தி நிறுத்திக் கேளுங்கள். சாதாரண இயர்போன் போதும்.

கேள்வி (அதே சீனக்குடாத் தம்பி): உங்கள் அலுமாரியில் ஐந்தாம் சிம்பொனி மட்டும் பதினொன்று எண்ணினேன். ஏன் அக்கா?

பதில்: எண்பதுகளில் ஒரு இரவு சிற்றலை வானொலியில் அது போனது. கையிலிருந்த அறுபது நிமிடக் கசெட்டில் பதிந்தேன். ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம். கடைசிப் பகுதி முடிய முன்னம் நாடா தீர்ந்துவிட்டது. யார் நடத்தியது, எந்த ஓர்கெஸ்ட்ரா என்ற அறிவிப்பும் பதிவாகவில்லை. பல வருடம் எனக்கு ஐந்தாம் சிம்பொனி என்றால் அதுதான், முடிவில்லாமல். ட்ரொம்போன்கள் முழங்கிக்கொண்டிருக்கும்போதே டக்கென்று நிற்கும்.

பிறகு இறுவட்டுகள் கிடைக்கத் தொடங்கியதும் அந்தப் பதிவைத்தான் தேடினேன். அந்த ஓபோ தனியாகப் பாடும் இடத்தில், கடைசிச் சுரத்துக்கு முன் வாசிப்பவர் மூச்சு எடுக்கும் சத்தம் என் கசெட்டில் கேட்கும். பதினொன்றிலும் அந்த மூச்சு இல்லை. கசெட்டை இடம்பெயர்ந்தபோது விட்டுவிட்டு வந்தேன், ஒப்பிட இப்போது ஞாபகம் மட்டும்தான். அடுத்த ஞாயிறு பன்னிரண்டாவது வருகிறது. ஓபோ வரும் இடத்தில் யாரும் கதைக்கவேண்டாம்.