உபரிப் பணம் எங்கே போகிறது? சேலம் தொழிலகத்தாருக்குப் பதில்கள்

கேள்வி (ஆத்தூர், ஜவ்வரிசி ஆலை): எல்லாம் கைப்பேசிக்கு வந்தபின் நிறுவனங்கள் இயந்திரத்தில் போட வேண்டிய பணத்தை நிதிச் சந்தையில் போடுகின்றன என்பது உண்மையா?

பதில்: இரு திசையிலும் நடக்கிறது. முன்பு உபரிப் பணம் நடப்புக் கணக்கில் வட்டியின்றிக் கிடந்தது; காசோலை, படிவம் என்ற அலைச்சலுக்கு அஞ்சி, சில வாரங்களுக்காக அதை லிக்விட் ஃபண்டுக்கு (குறுகிய காலக் கடன் பத்திரங்களில் போடும் பரஸ்பர நிதி) மாற்ற எவரும் மெனக்கெடவில்லை. அலைச்சல் நீங்கியதும் நிதி முதலீடு கூடியது. ஆனால் அதே தொழில்நுட்பம் அவசரக் கையிருப்பின் தேவையையும் குறைக்கிறது. பெரிய நிறுவனத்துக்குச் சரக்கு அனுப்பிய சிறு ஆலை, 2017இல் செயல்படத் தொடங்கிய டிரெட்ஸ் எனும் இணையத் தளங்களில் தன் பில்லை ஏற்றி, வாங்கியவர் ஒப்புக்கொண்டபின் வங்கி போன்ற நிதி நிறுவனத்திடம் தள்ளுபடியில் பணமாக்கலாம். வாங்கியவர் பிறகு பணம் தராவிட்டாலும் நிதி கொடுத்தவர் ஆலையிடம் திருப்பிக் கேட்க முடியாது. ஆண்டு விற்றுமுதல் 250 கோடி ரூபாயைத் தாண்டிய கம்பெனிகள் இத்தளங்களில் பதிவு செய்வது இப்போது கட்டாயம். வரவேண்டிய பணம் வரும் நாள் தெரிந்தால், அச்சத்துக்காக ஒதுக்கிய தொகையை ஆலைக்கே திருப்பலாம்.

ஓர் எச்சரிக்கை: சிசி கணக்கில் (வங்கியின் கேஷ் கிரெடிட் எனும் நடைமுறை மூலதனக் கடன்) நிலுவை இருக்கையில் ஃபண்டில் பணம் வைப்பது, கூடுதல் வட்டிக்கு வாங்கிக் குறைந்த வருவாய்க்குக் கொடுப்பதாகும்.

கேள்வி (ஏற்காடு, காப்பித் தோட்டம்): விற்ற பணம் மொத்தமாக வருகிறது, கூலியோ ஆண்டு முழுவதும் போகிறது.

பதில்: ஒரு வாரத்துக்குள் தேவைப்படுவதை ஓவர்நைட் ஃபண்டிலும் (ஒரே நாளில் முதிரும் பத்திரங்களில் போடும் நிதி), மற்றதை லிக்விட் ஃபண்டிலும் வையுங்கள், லிக்விட் ஃபண்டில் ஏழு நாளுக்குள் எடுத்தால் சிறு வெளியேற்றக் கட்டணம் உண்டு. சிசி நிலுவை இருந்தால் முதலில் அதை அடைத்துவிடுங்கள்.

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை, வெள்ளிக் கொலுசு): ஐந்து கிலோ இருப்பு வைத்திருக்கிறேன். செயலி வழியே எம்சிஎக்ஸ் பொருள் சந்தையில் வெள்ளி மினி (பின்னொரு நாளுக்கான விலையை இன்றே பேசும் ஒப்பந்தம்) ஒன்றும் வாங்கினேன். இது விலை இடருக்குக் காப்புதானே?

பதில்: இல்லை. வியாபாரி தந்த கட்டியைக் கொலுசாக்கிக் கொடுத்துக் கூலி மட்டும் பெறுபவருக்கு விலை இடரே கிடையாது. அவர் எடுக்கும் ஒப்பந்தம் வெறும் ஊகம். சொந்த இருப்பு வைத்திருப்பவருக்கு விலை இறக்கமே இடர் என்பதால், அவர் ஒப்பந்தத்தை விற்க வேண்டும். மினி ஒப்பந்தமும் ஐந்து கிலோதான். அதை வாங்கியதால் உங்கள் இடர் இரட்டிப்பாகியிருக்கிறது. விலை பேசி ஆர்டர் எடுத்துவிட்டு வெள்ளியை இன்னும் வாங்காதவருக்கே வாங்குவது காப்பாகும்.

கேள்வி (சிவதாபுரம்): இதை ஏற்க மாட்டேன். 2025இல் வெள்ளி ஏறிய ஏற்றத்தில் விற்று வைத்தவர்கள்தானே கெட்டார்கள்?

பதில்: ஒப்பந்தத்தில் போனது இருப்பின் மதிப்பில் வந்துவிட்டது. ஆயினும் உங்கள் மறுப்பில் நியாயம் உண்டு: இருப்பின் லாபம் பெட்டியில் இருக்க, ஒப்பந்தத்தின் நட்டத்தை அன்றன்றே ரொக்கமாகக் கட்ட வேண்டும், கட்ட இயலாதவரின் ஒப்பந்தத்தைத் தரகர் முடித்துவிடுவார். எனவே விற்று வைப்பவருக்கு உடனே எடுக்கக்கூடிய கையிருப்பு வேண்டும். ஒப்பந்தம் போடுவதைச் செயலி எளிதாக்கியது. மார்ஜின் எனப்படும் ஈட்டுப் பணத்தை அது தராது.

கேள்வி (அவரே): இருந்தாலும் நான் விற்கப் போவதில்லை.

பதில்: விற்க வேண்டாம். ஆனால் கூலி லாபத்தையும் விலையேற்ற லாபத்தையும் கணக்கில் தனித்தனியே எழுதுங்கள். இரண்டையும் கலந்து பார்த்துத் தொழில் செழிக்கிறது என்று நம்பிக் கடனில் இயந்திரம் வாங்கியவர்கள், விலை இறங்கிய மாதத்தில் தவணைக்குத் தவித்ததைக் கண்டிருக்கிறேன்.

கேள்வி (அம்மாபேட்டை, விசைத்தறி): நிறுவனக் கணக்கில் ஆப்ஷன்ஸ் (விலையின் ஏற்ற இறக்கத்தின் மீதான ஒப்பந்த வணிகம்) செய்யலாமா?

பதில்: வேண்டாம். 2024இல் வெளியான, பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் ஆய்வின்படி, அதற்கு முந்தைய மூன்று நிதியாண்டுகளில் பங்குச்சந்தை எஃப் அண்ட் ஓவில் (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) இறங்கிய தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நட்டமடைந்தனர். தறிக்கூடத்தின் பெயரில் செய்தால் மட்டும் கணக்கு மாறிவிடாது.

கேள்வி (சூரமங்கலம்): எந்தச் செயலி சிறந்தது?

பதில்: செயலிகளுக்கு நான் பரிந்துரை தருவதில்லை.

கேள்வி (ஓமலூர்): எங்கள் பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கு எந்த ஃபண்ட் நல்லது?

பதில்: இயக்குநர் குழுவின் தீர்மானம் வேண்டும், கம்பெனிகள் சட்டத்தின் 186ஆம் பிரிவு கம்பெனியின் முதலீட்டுக்கு விதிக்கும் உச்சவரம்பைத் தணிக்கையாளரிடம் சரிபாருங்கள். சிசி நிலுவை எவ்வளவு என்று நீங்களும் எழுதவில்லை. அதை எழுதினால் ஃபண்டைப் பற்றிப் பேசலாம்.