மாரியில் வீட்டோடு முடங்கும் அம்மாவுக்கு என்ன செய்யலாம்?

கிளிநொச்சியில் தனியே இருக்கும் அம்மா, மழை வெள்ளத்தால் வாரக்கணக்கில் படலை தாண்ட முடியாமல் சோர்ந்துபோகிறா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் குலைவது நித்திரை. பகலில் இரண்டு மணித்தியாலம் படுத்தால் இரவில் கண் மூடாது, மனம் பழையதைக் கிண்டும். எழும்பும் நேரத்தை மாற்றவே வேண்டாம். விடிய 6 மணிக்கு எழும்பி, நன்றாக வெளிச்சமானதும் விறாந்தையில் அரை மணித்தியாலம் இருந்து தேத்தண்ணி குடிக்கட்டும். மப்பு வானமென்றாலும் அந்த வெளிச்சம் வீட்டு லைற்றைவிடப் பல மடங்கு அதிகம். உடம்பு பகல் இரவைப் பிரித்தறிவது அதில்தான். பகல் படுக்கை 20 நிமிடம் போதும்.

கைக்கும் வேலை வேண்டும். அடியில் ஓட்டை போட்ட பழைய வாளியில் வெந்தயம் விதைத்தால் சில நாளில் முளை தெரியும்.

அம்மாவுக்குத் தினமும் ஒரே நேரத்தில் போன் எடுங்கள். “சாப்பிட்டீங்களா” என்று கேட்டு வைக்காமல், கறிக்குப் பக்குவம் கேளுங்கள். இரண்டு வாரமாக நித்திரையும் சாப்பாடும் குறைந்தால் 1926க்கு அழையுங்கள், தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் அது.