ஓஏபி வாங்குபவர் தையல் பயிற்சிக்குப் போகலாமா?

கேள்வி: விதவை உதவித்தொகை வாங்கும் என் அக்கா அரசின் இலவசத் தையல் பயிற்சியில் சேரலாமா? சேர்ந்தால் வேலை கிடைக்குமா?

தாராளமாகச் சேரச் சொல்லுங்க. எனக்கும் விதவை உதவித்தொகைதான், அதையும் ஓஏபி என்றுதான் சொல்வோம். பயிற்சிக்குப் போனதால் அது நிற்கவில்லை. அக்காவுக்குப் பள்ளிக்கூடம் போகும் வயதில் பிள்ளைகள் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அவிநாசிப் பக்கம் எங்கள் ஊர். வீட்டுக்காரர் போன பிறகு மாதம் ஆயிரம் ரூபாய் வந்தது, 2023 ஆகஸ்டில்தான் 1,200 ஆனது. நான் சேர்ந்தது, மத்திய அரசு 2014-இல் தொடங்கிய டிடியூஜிகேஒய் என்ற இலவசத் தொழிற்பயிற்சித் திட்டத்தில். கிராமத்து ஏழைக் குடும்பங்களுக்கானது. வயது வரம்பு 35, பெண்களுக்கு 45 வரை தளர்வு உண்டு.

சொல்லிக்கொடுத்தவர்கள் நன்றாகவே சொல்லிக்கொடுத்தார்கள், அதைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். முதலில் நூல் கோக்காமல், தாளில் போட்ட கோட்டின்மேல் பவர் மெஷினை, அதாவது மோட்டாரில் ஓடும் தையல் மெஷினை, ஓட்டச் சொன்னார்கள். கால் பழகிய பிறகுதான் துணி. முடிக்கும்போது பனியனுக்குத் தோள் சேர்த்து, கை வைக்க எனக்குத் தெரியும்.

மனது நொந்தது வேறொன்றில். ஒரு நாள் பார்வையிட வந்தவர், "உதவித்தொகை வாங்குறவங்க கை தூக்குங்க" என்றார். தூக்கினோம். "இனி அதை நம்பி வீட்டுல உட்காரக் கூடாது" என்றார். என் பக்கத்தில் இருந்த அக்கா விடியுமுன் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வந்தவர். இன்னொருவர் நூறு நாள் வேலைக்குப் போனவர். அங்கே யார் உட்கார்ந்திருந்தார்கள்? ஒரு சிலிண்டர் வாங்கினாலே பெரும்பகுதி போய்விடும் பணத்தை நம்பி யாரால் உட்கார முடியும்? இதைப் படித்துவிட்டு உங்களில் சிலர் "இலவசத்தால்தான் கம்பெனிக்கு ஆள் வருவதில்லை" என்று எழுத வருவீர்கள், தெரியும். ஆள் ஏன் நிற்பதில்லை என்பதையும் கேட்டுவிட்டு எழுதுங்க.

பயிற்சி முடிந்ததும் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சேர்த்துவிட்டார்கள். சான்றிதழில் டெய்லர், கொடுத்த வேலை கைமடியும் (டெய்லருக்குத் துணியை மடித்து எடுத்துக் கொடுப்பது) பிசிர் வெட்டுவதும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். காலை எட்டரைக்குப் போனால் ஒன்றரை ஷிப்ட் முடிந்து வெளியே வர இரவு எட்டரை. பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வருவது நாலரைக்கு. முதலாளிகளைத் திட்டவில்லை, ஷிப்மென்ட் தேதி அவர்கள் கழுத்தைப் பிடிக்கிறது. ஆனால் எங்கள் பேட்ச்சில் பாதிப் பேர் நின்றது இதனால்தான், சோம்பேறித்தனத்தால் இல்லை. திட்டத்தின் கணக்கில் மட்டும் நாங்கள் எல்லோரும் வேலை கிடைத்தவர்கள்.

நான் ஊருக்குப் பக்கத்தில் ஒரு ஷிப்ட் மட்டும் ஓட்டும் சின்ன ஜாப் வொர்க் யூனிட்டுக்கு மாறினேன், கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் இடம். அதை நடத்தும் அண்ணன் என்னை ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷினில் உட்கார வைத்து, "வேகம் தானா வரும் அம்மிணி" என்றார். வந்தது. இன்று பீஸ் ரேட்டில், தைக்கும் எண்ணிக்கைக்குக் கூலி வாங்கி, அடிக்கிறேன். பயிற்சி இல்லாமல் அந்த மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்க முடியாது.

அதனால் அக்காவைச் சேருமுன்பே கேட்கச் சொல்லுங்க: பவர் மெஷின் ஆளுக்கொன்று உண்டா, எந்தக் கம்பெனி, எத்தனை ஷிப்ட், வேன் வருமா. வேலையில் சேர்ந்த பிறகு திட்டத்திலிருந்து மாதாமாதம் கொஞ்சம் பணம் தனியாகத் தருவார்கள். நான் படித்தபோது இருந்த விதிப்படி சொந்த மாவட்டம் என்றால் இரண்டு மாதம், வெளி மாவட்டம் என்றால் மூன்று மாதம். கேட்டால்தான் பேச்சே எடுப்பார்கள்.

அப்புறம் பஸ். 2021-இலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, நல்ல திட்டம். ஆனால் ஸ்டாப்பில் பெண்கள் மட்டும் நின்றால் சில வண்டிகள் தள்ளிப் போய் நிற்கின்றன, சில நிற்பதே இல்லை. வகுப்பில் கைரேகை வைக்க நேரமானால் வருகை போய்விடும். இதை யாரிடம் சொல்வது?

அக்கா எந்த ஊர் என்று எழுதுங்க. அவிநாசி, சேவூர் பக்கம் என்றால் ஒரு ஷிப்ட் யூனிட் ஏதாவது இருக்கிறதா என்று விசாரித்துச் சொல்கிறேன்.