பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை

மதிப்புக்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு வயது 31. யாழ்ப்பாணத்தில் கணித ஆசிரியையாக இருந்தேன். கனடாவில் குடியுரிமை பெற்ற என் கணவரை ஊரில் மணந்தேன். பார்வையாளர் விசாவில் ஸ்காபரோவுக்கு வந்து ஒன்பது மாதங்கள் ஆகின்றன. வந்தபின் இங்கிருந்தே, கணவரின் பொறுப்பில் எனக்கு நிரந்தர வதிவிடம் கேட்கும் ஸ்பொன்சர் விண்ணப்பமும் வேலை அனுமதி விண்ணப்பமும் போட்டோம். விசாவின் ஆறு மாதம் முடிவதற்கு முன்பே நீட்டிப்பும் கேட்டோம். இன்னும் எதற்கும் பதில் இல்லை. நான் சட்டவிரோதமாக இருக்கிறேனோ என்று பயமாக இருக்கிறது.

மாமி வீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கிறோம். கணவருக்கு இரவு வேலை. பகலில் அவர் தூங்கும்போது சத்தமில்லாமல் உட்கார்ந்து விண்ணப்பத்தின் நிலையைக் கைபேசியில் பார்ப்பேன். நாளுக்கு இருபது தடவையாவது. கோயிலுக்குப் போனால் "விசா வந்துவிட்டதா பிள்ளை?" என்பதுதான் முதல் கேள்வி. என் சம்பளத்தில் தம்பியைப் படிக்கவைத்தவள் நான். இங்கே பஸ் காசுக்கும் அவரிடம் கை நீட்டுகிறேன். கையில் காசு தரும் கடை ஒன்றில் வேலை எடுத்துத் தருவதாக உறவினர் ஒருவர் சொல்கிறார்.

சென்ற மாதம் ஒரு சண்டையில், "நான் ஸ்பொன்சரை நிறுத்தினால் நீ ஊருக்குத்தான்" என்று கணவர் சொல்லிவிட்டார். மறுநாள் மன்னிப்புக் கேட்டார். அடித்ததில்லை, நல்லவர்தான். ஆனால் அன்றிலிருந்து கறியில் உப்புக் கூடினால்கூட எனக்குக் கை நடுங்குகிறது. அம்மாவிடம் நன்றாக இருக்கிறேன் என்றே சொல்கிறேன். கொண்டுவந்த பெட்டியில் பாதி இன்னும் பிரிக்காமல் கட்டிலுக்கடியில் கிடக்கிறது. நான் என்ன செய்வது?

ஒரு வாசகி, ஸ்காபரோ

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் உங்கள் பயம் ஒன்றை இறக்கிவைக்கிறேன். காலம் முடிவதற்கு முன்பே நீட்டிப்புக் கேட்டிருப்பதால், முடிவு வரும்வரை பார்வையாளராக இங்கே இருக்கச் சட்டம் இடம் தருகிறது. விண்ணப்பித்ததற்கான அத்தாட்சியை அச்சிட்டுக் கடவுச்சீட்டோடு வையுங்கள். ஆனால் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரைக் கேட்காமல் நாட்டைவிட்டு வெளியே போகாதீர்கள். திரும்ப உள்ளே விடுவார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. உள்நாட்டிலிருந்து போட்ட விண்ணப்பத்துக்கு இருவரும் இங்கே சேர்ந்து வாழ்வது அவசியம்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி உப்பைப் பற்றியது. கணவருக்குக் கோபம் வந்தால் இருப்பிடமே போய்விடும் என்று நினைத்துக்கொண்டு யாராலும் நிம்மதியாகச் சமைக்க முடியாது. அவர் மன்னிப்புக் கேட்டது நல்லது. ஆனால் அவர் கோபப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டிருப்பார். உங்களுக்குள் விதைத்துவிட்டுப் போன பயம் அவருக்குத் தெரிந்திருக்காது. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். இரவு வேலை முடிந்து அவர் களைத்து வரும் காலையில் வேண்டாம். விடுமுறை நாளில், மாமி வீட்டுக்கு வெளியே நடந்துகொண்டே பேசுங்கள். "சண்டை வரலாம், போகலாம். என் விசாவை மட்டும் சண்டைக்குள் கொண்டுவராதீர்கள். அன்று சொன்னதிலிருந்து உங்களுக்குப் பயந்து வாழ்கிறேன்." இவ்வளவு போதும். வாரச் செலவுக்கு ஒரு தொகையை நீங்கள் கேட்காமலே தரும் ஏற்பாட்டையும் அன்றே பேசிவிடுங்கள்.

அவர் சொன்னது வெறும் வார்த்தை என்று உங்களை ஏமாற்ற மாட்டேன். நிரந்தர வதிவிடம் கிடைக்கும்வரை ஸ்பொன்சரை அவர் மீளப்பெற முடியும். கிடைத்தபின் இரண்டு ஆண்டுகள் சேர்ந்து வாழ வேண்டும் என்ற பழைய நிபந்தனை 2017இல் நீக்கப்பட்டுவிட்டது. இடைப்பட்ட இந்தக் காலத்தில் அதே மிரட்டல் மறுபடி வந்தாலோ, கடவுச்சீட்டை எடுத்து வைத்தாலோ, காசைக் காட்டி அடக்கினாலோ, அடி விழவில்லையே என்று பொறுத்திருக்காதீர்கள். அதுவும் குடும்ப வன்முறைதான். வதிவிடத்துக்குத் துணையை நம்பியிருந்து இப்படி அகப்பட்டவர்களுக்கென்றே 2019 முதல் கட்டணமில்லாத தற்காலிக வதிவிட அனுமதி ஒன்று இருக்கிறது. 211ஐ அழைத்து மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள்; உதவி எங்கே கிடைக்கும் என்று சொல்வார்கள். ஆபத்து என்றால் 911. இது உங்களுக்குத் தேவைப்படாமல் போகலாம். வழி இருக்கிறது என்று தெரிந்தாலே கை நடுக்கம் சற்றுக் குறையும்.

கடை வேலை வேண்டாம். அனுமதியில்லாமல் வேலை செய்தால் சம்பளம் தராவிட்டாலும் முறையிடத் துணிய மாட்டீர்கள். ஏற்கெனவே ஒருவருக்குப் பயந்திருக்கிறீர்கள். முதலாளி இரண்டாமவர் ஆவார்.

கைபேசியைப் பார்ப்பது சொறிவதைப் போன்றது, அந்த நிமிடம் இதமாக இருந்து பின்பு எரியும். காலைத் தேநீருக்குப் பிறகு ஒரு தடவை மட்டும் பாருங்கள். மிச்ச நேரத்தை உங்கள் தொழிலுக்குக் கொடுங்கள். இங்குள்ள அரசுப் பாடசாலைகளில் கற்பிக்க ஆசிரியர்களுக்கு உரிமம் வழங்கும் அமைப்பான ஒன்ராறியோ ஆசிரியர் கல்லூரியின் சான்றிதழ் வேண்டும். ஊரிலிருந்து பெறுபேறுகளை வரவழைக்கவே மாதங்கள் போய்விடும். அதைத் தொடங்க விசா தேவையில்லை. ஆறு மாதத்துக்கு மேற்படாத படிப்பு ஒன்றில் பார்வையாளராகவே சேரவும் முடியும்.

அம்மாவிடம் முழுவதையும் சொல்ல வேண்டாம். "கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது அம்மா" என்றாவது சொல்லுங்கள்.

பெட்டியை உடனே பிரியுங்கள் என்று அவசரப்படுத்த மாட்டேன். சான்றிதழ்கள் அதற்குள் இருந்தால் அவற்றை மட்டும் இன்று வெளியே எடுங்கள். கணவரிடம் பேசியபின், அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.